பண்டைத் தானியச் சேமிப்பும் பூச்சிச் சான்றுகளும்: தொல்பூச்சியியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

அகழாய்வுகளில் கிடைக்கும் தானியப் பூச்சிகளின் எச்சங்கள் பெரும்பாலும் பயிர்ச்செய்கையின் துணைச்சான்றுகளாகவே கொள்ளப்பட்டு வருகின்றன. அவ்வெச்சங்கள் முதன்மையாகச் சேமிப்பு முறைக்கும் தானியப் போக்குவரத்துக்கும் சான்றாவன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. இஸ்ரேலின் அட்லிட் யாம், மத்திய ஐரோப்பாவின் கோட்டுமட்பாண்டப் பண்பாட்டுக் குடியிருப்புகள், ஜப்பானின் ஜோமோன் பண்பாட்டு மட்பாண்டங்கள், உரோமானியப் பிரித்தானியாவின் தானியக் கிடங்குகள் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்ட சான்றுகள் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. பூச்சிச் சான்றின் இல்லாமையை எந்நிலையில் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்னும் வினாவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்

தொல்பூச்சியியல், தானியக் கூன்வண்டு, சேமிப்புக் குழி, களஞ்சியம், ஜோமோன், உரோமானியப் பிரித்தானியா.

1. முன்னுரை

வேளாண்மை வரலாற்றை எழுதுவோர்க்குத் தொல்லியல் அளித்துள்ள சான்றுகளுள் கரியான தானியங்கள், மகரந்தத் துகள்கள், அறுவடைக் கருவிகள் ஆகியன முதலிடம் பெறுகின்றன. என்ன விளைந்தது, எவ்வாறு அறுக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு அவை விடை தருகின்றன. விளைந்தது எவ்வளவு காலம் எவ்வாறு காக்கப்பட்டது, காக்கப்பட்டதில் எவ்வளவு கெட்டது என்னும் வினாக்களுக்கு அவை தரும் விடை மிகக் குறைவு. உபரி விளைச்சல், வரி, படைக்கு உணவளித்தல், நகர வாழ்வு ஆகிய அனைத்தும் தானியத்தைக் காக்கும் திறனைச் சார்ந்தே நிற்பதால் இவ்விடைவெளி சிறியதன்று.

இவ்விடைவெளியை நிரப்பவல்ல துறையாகத் தொல்பூச்சியியல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. ஆயினும், ஓரிடத்தில் தானிய வண்டு கிடைத்தவுடன் அங்குத் தானியம் பயிரிடப்பட்டது என்று முடிவு செய்வதும், வண்டு கிடைக்காதபோது தானியம் சிறிதளவே இருந்தது என்று கருதுவதும் எளிதில் நேரக்கூடிய பிழைகள். இவ்விரு முடிவுகளும் பூச்சியின் வாழ்வியலைக் கணக்கில் கொள்வதில்லை. பூச்சி எங்கே இனம்பெருக்கும், எவ்வாறு இடம்பெயரும், எந்நிலையில் மடியும் என்பவற்றை முதலில் தெளிந்த பின்னரே அதனை வரலாற்றுச் சான்றாகக் கையாளுதல் இயலும்.

2. எச்சங்கள் எஞ்சும் முறையும் மீட்கப்படும் முறையும்

பூச்சியின் புறக்கூடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. வண்டினங்களின் தலை, மார்புக்கவசம், கெட்டியான முன்னிறக்கைகள் ஆகியன காற்றுப் புகாத சூழலில் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. கிணறு, அகழி, கழிவுக்குழி போன்ற நீர்செறிந்த படிவுகளும், எகிப்தியக் கல்லறைகள் போன்ற மிக வறண்ட இடங்களும் இவ்வெச்சங்களைச் சிறப்பாகப் பாதுகாக்கின்றன. தானியத்தோடு சேர்ந்து தீயில் கரிந்த வண்டுகளும் உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரின் கரியான கோதுமையில் களஞ்சியப் பூச்சிகள் கண்டறியப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டு.

நீர்செறிந்த மண்ணிலிருந்து இவ்வெச்சங்களைப் பிரித்தெடுக்க மண்ணெண்ணெய் மிதப்பு முறை பயன்படுகிறது. மண்ணை நுண்சல்லடையில் கழுவி, எஞ்சியதை மண்ணெண்ணெயோடு கலந்து நீர் ஊற்றும்போது, எண்ணெய் பற்றிய கைட்டின் துண்டுகள் மேலெழுந்து மிதக்கின்றன. இம்முறையை 1960களில் இங்கிலாந்தின் கூப், ஆஸ்போர்ன் ஆகியோர் வகுத்தளித்தனர். தொல்தாவரவியலார் வழக்கமாகக் கையாளும் எளிய நீர்மிதப்பு முறையில் பூச்சித் துண்டுகளுள் பல தவறிப்போகின்றன. எனவே ஓரிடத்தில் பூச்சி கிடைக்கவில்லை என்னும் அறிக்கையைப் படிப்போர், அங்கு எம்முறை கையாளப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

3. வயற்பூச்சியும் களஞ்சியப் பூச்சியும்

பண்டைப் பயிர்களைத் தாக்கிய பூச்சிகள் அனைத்தும் ஒரே அளவில் சான்று விட்டுச்செல்வதில்லை. இலையுண்ணும் புழுக்கள், சாறுறிஞ்சும் பூச்சிகள் போன்றவை மென்மையான உடலுடையவை. அவை வாழ்ந்த வயல்மண் காற்றோட்டம் மிக்கது, ஆண்டுதோறும் உழப்படுவது. ஆகவே வயற்பூச்சிகளின் நேரடி எச்சங்கள் அரியன. கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை சேமிப்பிடத்தில் வாழ்ந்த வண்டுகளே.

இடைநிலையில் நிற்பவை பயறு வண்டுகள். புரூகஸ் இனத்து வண்டுகள் வயலில் பச்சைக் காய்களின் மேல் முட்டையிடுகின்றன. புழு விதையினுள் புகுந்து வளர்ந்து, பயறு சேமிப்பிடம் சேர்ந்த பின்னர் வண்டாக வெளிவருகிறது. இவ்வினங்கள் உலர்ந்த பயற்றில் மீண்டும் இனம்பெருக்குவதில்லை. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், வெண்கலக் காலப் பிற்பகுதியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி நகரின் சேமிப்புப் பயறுகளில் புரூகஸ் ரூஃபிபெஸ் என்னும் வண்டு கண்டறியப்பட்டுள்ளது. களஞ்சியத்திலிருந்து கிடைத்தபோதிலும் இச்சான்று வயலில் நேர்ந்த தாக்குதலையே குறிக்கிறது.

இதற்கு நேர்மாறானது தானியக் கூன்வண்டு எனப்படும் சிட்டோபிலஸ் கிரனேரியஸ். ஏறத்தாழ 3 முதல் 5 மி.மீ. நீளமுள்ள இவ்வண்டின் பெண், தானியமணியில் துளையிட்டு முட்டையை வைத்து, துளையை மூடிவிடுகிறது. புழுப்பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் மணியின் உள்ளேயே கழிகின்றன. இதன் பின்னிறக்கைகள் குன்றிப்போனவை. இது பறக்க இயலாதது. வயலில் இது இனம்பெருக்குவதில்லை. மனிதர் தானியத்தை எடுத்துச் செல்லாமல் இது ஓர் ஊரிலிருந்து தொலைவிலுள்ள மற்றோர் ஊருக்குச் செல்ல வழியில்லை. இப்பண்பே இவ்வண்டினை வரலாற்றாய்வுக்கு மதிப்புமிக்க சான்றாக்குகிறது.

4. புதிய கற்காலச் சான்றுகள்

இஸ்ரேலின் கார்மேல் கடற்கரைக்கு அப்பால் கடலுள் மூழ்கிக் கிடக்கும் அட்லிட் யாம், மட்பாண்டம் தோன்றாத புதிய கற்காலத்தின் இறுதிக்கட்டத்தைச் சேர்ந்த குடியிருப்பு ஆகும். அதன் காலம் கி.மு. 7ஆம் ஆயிரத்தாண்டு. அங்குள்ள கிணற்றின் படிவிலிருந்து தானியங்களோடு தானியக் கூன்வண்டும் மீட்கப்பட்டது. கிஸ்லெவ், ஹார்ட்மன், கலீலி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாகப் பதிவு செய்கிறது. வேளாண்மை தோன்றிய மேற்காசியப் பகுதியிலேயே, மிகப் பழைய காலத்திலேயே இவ்வண்டு மனிதச் சேமிப்போடு பிணைந்துவிட்டது என்பது இதனால் தெளிவாகிறது. காட்டுப்புல் விதைகளைத் தம் வளைகளில் சேர்த்துவைக்கும் கொறிவிலங்குகளின் கூடுகளே இவ்வண்டின் ஆதி வாழிடம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்கப்படுமாயின், மனிதனின் குதிர் இவ்வண்டுக்குப் பெரியதொரு எலிவளையாகவே அமைந்தது எனலாம்.

மேற்காசியாவிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்கு வேளாண்மை பரவியபோது இவ்வண்டும் உடன்சென்றது. கோட்டுமட்பாண்டப் பண்பாடு எனப்படும் மத்திய ஐரோப்பாவின் தொடக்கக்கால வேளாண் பண்பாட்டைச் சேர்ந்த எர்கெலென்ஸ்-கூக்ஹோவன் கிணறு ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ளது. மரவளையக் காலக்கணிப்பின்படி அதன் கருவாலி மரச்சட்டம் கி.மு. 5090ஐ ஒட்டியது. இக்கிணற்றிலும் கோட்டிங்கன் அருகிலுள்ள அதே பண்பாட்டுக் குழியிலும் தானியக் கூன்வண்டு கிடைத்துள்ளது. பறக்கவியலாத ஒரு வண்டு பால்கன் நிலப்பகுதியைக் கடந்து ரைன் ஆற்றுப் பகுதியை அடைந்திருக்கிறது. குடியேறிய வேளாண் மக்களின் விதைத் தானியமும் உணவுத் தானியமும் கைமாறிக் கைமாறிச் சென்ற தொடர்ச்சியை இது காட்டுகிறது. விதை மட்டுமே சென்று, அடுத்த பருவத்தில் முழுதும் விதைக்கப்பட்டிருந்தால் வண்டின் இனம் அற்றுப்போயிருக்கும். எனவே, ஆண்டு முழுவதும் குடியிருப்பில் தானியம் இருப்பில் இருந்தது என்பதும் இச்சான்றால் பெறப்படும்.

5. தானிய வேளாண்மைக்கு முந்திய வண்டு: ஜோமோன் சான்று

மேற்கண்ட சான்றுகள் வேளாண்மை, சேமிப்பு, பூச்சி என்னும் வரிசையை இயல்பானதாகத் தோற்றுவிக்கின்றன. ஜப்பானில் கிடைத்த சான்றுகள் இவ்வரிசையை மறுபரிசீலனைக்கு உட்படுத்தின.

ஜோமோன் பண்பாட்டு மட்பாண்டங்களை வனைந்தபோது களிமண்ணில் சிக்கிய விதைகளும் பூச்சிகளும் சூளையில் எரிந்துபோக, அவற்றின் வடிவம் பானையோட்டில் குழிவாகப் பதிந்து நின்றது. குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் ஒபாட்டா ஹிரோகியும் அவருடன் பணியாற்றியோரும் இக்குழிவுகளில் சிலிக்கோன் பிசினை நிரப்பி அச்செடுத்து, மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். தனேகஷிமா தீவின் சன்போன்மட்சு அகழிடத்துப் பானையோடுகளில், ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முந்திய மக்காச்சோளக் கூன்வண்டின் பதிவுகள் கிடைத்தன. இம்முடிவு 2011இல் வெளியாயிற்று.

சிட்டோபிலஸ் சீமைஸ் எனப்படும் இவ்வண்டின் பெயரில் மக்காச்சோளம் உள்ளது. ஆயினும் அமெரிக்கப் பயிரான மக்காச்சோளம் ஜப்பானை அடைந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். நெல் வேளாண்மையோ கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில் அங்கு வேரூன்றியது. எனவே இவ்வண்டு நெல்லோடு ஜப்பானுக்கு வந்தது என்னும் முந்தைய கருத்து கைவிடப்பட்டது. ஜோமோன் மக்கள் கருவாலிக் கொட்டைகளையும் செஸ்ட்நட் கொட்டைகளையும் பெருமளவில் திரட்டிச் சேமித்தவர்கள். அக்கொட்டைகளே வண்டின் உணவாயின என்பது ஒபாட்டா குழுவினரின் விளக்கம்.

ஹொக்கைடோவின் தத்தேசாகி அகழிடத்தில் கிடைத்த சான்று இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது. அங்குள்ள ஒரே பானையில் ஏறத்தாழ 500 வண்டுகள் இருந்தமை எக்ஸ் கதிர் ஆய்வாலும் புறப்பதிவுகளாலும் அறியப்பட்டது. இத்துணை எண்ணிக்கை தற்செயலாகக் களிமண்ணில் விழுந்திருக்க இயலாது. நோக்கத்தோடு கலக்கப்பட்டிருக்கலாம் என்னும் கருத்து உண்டு. செஸ்ட்நட் மரம் ஹொக்கைடோவுக்கு இயற்கையாக உரியதன்று. சுகாரு நீரிணையைத் தாண்டி அதனைக் கொண்டுசென்றவர்கள் மனிதர்களே. வண்டும் அவ்வழியே சென்றது எனக் கொள்வது பொருந்தும்.

கோட்பாட்டளவில் இச்சான்று உணர்த்துவது ஒன்றுண்டு. தானியப் பூச்சி தோன்றுவதற்குத் தானிய வேளாண்மை கட்டாயமன்று. மாவுச்சத்துள்ள பொருளை ஓரிடத்தில் நீண்டகாலம் குவித்துவைக்கும் வாழ்முறையே போதுமானது. வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்த மக்களிடத்தும் அம்முறை இருக்கக்கூடும். பூச்சியின் பெயரை வைத்துப் பயிரை ஊகிப்பது தவறாகும் என்பதும் இதனால் விளங்கும். துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த புகையிலை வண்டு இதற்கு மற்றொரு சான்று. புகையிலை அமெரிக்கச் செடி. வண்டோ பழைய உலகத்துக்குரியது. அவ்வாறே சூரினாம் நாட்டின் பெயர் தாங்கிய ரம்பப்பல் தானிய வண்டு, வட கிரேக்கத்தின் மண்டலோ என்னுமிடத்தில் புதிய கற்கால இறுதிப் படிவிலேயே கிடைத்துள்ளது. பூச்சிகளுக்குப் பிற்காலத்தார் இட்ட பெயர்கள் அவற்றின் வரலாற்றைக் கூறுவதில்லை.

6. உரோமானியப் பிரித்தானியா: களஞ்சியமும் படையும்

பூச்சிச் சான்றினைச் சேமிப்பு முறையோடு இணைத்துப் பார்ப்பதற்கு மிக விரிவான களமாக அமைவது பிரித்தானியா. அங்கு இரும்புக் காலத்தில் கோதுமையும் பார்லியும் பரவலாகப் பயிரிடப்பட்டன. எனினும் அக்காலப் படிவுகளில் தானியக் கூன்வண்டு முதலிய களஞ்சியப் பூச்சிகள் உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. கி.பி. 43இல் உரோமானியப் படையெடுப்பு நிகழ்ந்தது. லண்டனில், கி.பி. 60-61இல் பூடிக்காவின் கிளர்ச்சியால் நகர் எரியுண்டதற்கு முந்திய படிவுகளிலேயே இப்பூச்சிகள் தோன்றிவிடுகின்றன. அதாவது படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்குள் அவை வந்து நிலைபெற்றன.

யார்க் நகரின் கோனி தெருவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உரோமானியத் தானியக் கிடங்கு இவற்றுள் சிறப்பிடம் பெறுகிறது. கென்வர்டு, வில்லியம்ஸ் ஆகியோர் 1979இல் அதன் உயிரியல் சான்றுகளை வெளியிட்டனர். மரத்தாலான முதற்கிடங்கின் அடித்தளத்தில், தானிய வண்டுகளின் உடற்பகுதிகளே ஒரு படிவாகக் குவிந்திருந்தன. தானியக் கூன்வண்டோடு ரம்பப்பல் தானிய வண்டும் துருநிறத் தட்டை வண்டும் மிகுதியாகக் காணப்பட்டன. முதற்கிடங்கு கலைக்கப்பட்டு, அவ்விடம் களிமண்ணால் மூடப்பட்டு, அதன்மேல் மற்றொரு கிடங்கு கட்டப்பட்டது. பூச்சித் தொல்லையே கிடங்கைக் கைவிடச் செய்தது என்றும், களிமண் அடுக்கு அப்பூச்சிகளை அடக்கும் முயற்சி என்றும் ஆய்வாளர் விளக்குகின்றனர்.

இப்பூச்சிகளின் கூட்டமைப்பும் கருதத்தக்கது. தானியக் கூன்வண்டு நல்ல மணியைத் துளைக்கவல்ல முதல்நிலைப் பூச்சி. ரம்பப்பல் வண்டும் தட்டை வண்டும் பெரும்பாலும் உடைந்த, துளைபட்ட, ஈரம் ஏறிய மணிகளையே உண்ணும் இரண்டாம்நிலைப் பூச்சிகள். பின்னவை பெருகியிருக்குமிடத்தில் தானியம் ஏற்கெனவே கெடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு படிவிலுள்ள இவ்விரு வகையின் விகிதம், சேமிப்பின் தரத்தை அளக்கும் கருவியாகப் பயன்படக்கூடும்.

கெட்ட தானியம் என்னவாயிற்று என்னும் வினாவுக்கும் ஓரளவு விடை உண்டு. ஸ்மித், கென்வர்டு ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, களஞ்சியப் பூச்சிகள் குதிரைலாயக் கழிவோடு சேர்ந்து காணப்படுவதைச் சுட்டி, பூச்சி விழுந்த தானியம் குதிரைக்குத் தீவனமாயிற்று என்கிறது. மனிதக் கழிவுக்குழிகளிலும் வண்டுத் துண்டுகள் கிடைக்கின்றன. தானியக் கூன்வண்டுகளைச் சூப்பில் இட்டுத் தாமே உண்டு பார்த்த ஆஸ்போர்ன், அவை செரிமானத்துக்குப் பின்னும் அடையாளம் காணத்தக்க நிலையில் வெளியேறுவதை 1983இல் எழுதினார். ஆகவே ஒரு படிவில் வண்டு கிடைப்பது அவ்விடத்திலேயே தானியம் சேமிக்கப்பட்டதைக் கட்டாயம் குறிக்காது. அது தீவனத்தின் வழியாகவோ உணவின் வழியாகவோ வந்திருக்கலாம்.

7. குழியும் கிடங்கும்

இரும்புக் காலத்தில் இல்லாத பூச்சி உரோமானியர் காலத்தில் பெருகியமைக்குத் தானியத்தின் இறக்குமதி மட்டும் காரணமாகாது. வந்த பூச்சி நிலைபெறுவதற்கு ஏற்ற இடமும் வேண்டும். தென் இங்கிலாந்தின் இரும்புக் கால மக்கள் தானியத்தை நிலத்தடிக் குழிகளில் இட்டுக் களிமண்ணால் வாய்மூடினர். பட்சர் தொல்வேளாண் பண்ணையில் பீட்டர் ரெனால்ட்ஸ் நடத்திய சோதனைகள் இம்முறையின் இயக்கத்தை விளக்கின. குழியின் ஓரத்திலுள்ள மணிகள் ஈரம்பட்டு முளைக்கத் தொடங்கி, உள்ளிருக்கும் உயிர்வளியைத் தீர்த்துக் கரியமில வளியை நிரப்புகின்றன. அதன்பின் தானியம் உறங்குநிலையில் நிற்கிறது. பூச்சி அங்கு வாழ இயலாது.

இவ்வுண்மை உரோமானியர் அறியாததன்று. கி.மு. 37இல் வேளாண்மை நூல் இயற்றிய வர்ரோ, கப்படோக்கியா, திரேசு முதலிய நாடுகளின் நிலத்தடிக் குழிகளைக் குறிப்பிட்டு, காற்றுப் புகாத இடத்தில் கூன்வண்டு தோன்றாது என்கிறார். பூச்சி விழுந்த குவியலைக் கிளறுதல் கூடாது, பூச்சி மேற்பரப்பிலிருந்து ஆழமாகச் செல்லாது என்பது கொலுமெல்லாவின் அறிவுரை. அறிவு இருந்தும் படையின் தேவை வேறாக இருந்தது. மூடிய குழியைத் திறந்தால் முழுவதையும் விரைவில் எடுத்துவிட வேண்டும். நாள்தோறும் அளந்து கொடுக்க வேண்டிய படைக்கும் நகருக்கும், எப்போதும் திறக்கத்தக்க பெருங்கிடங்கே ஏற்றது. பல ஊர்த் தானியம் ஒன்றாகக் கலக்கும் அக்கிடங்கில், பழைய இருப்பு தீருமுன் புதியது வந்து சேர்கிறது. வெப்பமும் உணவும் இடையறாது கிடைக்கும் அவ்விடம் பூச்சிக்கு உகந்தது. ஆகவே பூச்சித் தொல்லையை உரோமானியரின் அறியாமைக்குச் சான்றாகக் கொள்ளாமல், மையப்படுத்தப்பட்ட வழங்கல் முறை செலுத்திய விலையாகக் கொள்வதே தகும்.

8. இல்லாமை சான்றாகுமா?

ஓரிடத்தில் பூச்சி கிடைக்காமை, அது இல்லாமையைக் காட்டுமா, எஞ்சாமையைக் காட்டுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. கரியான தானியம் மட்டுமே கிடைக்கும் அகழிடங்களில் இவ்வையம் தீர்வதில்லை. ஆனால் நீர்செறிந்த படிவுகளில் ஏனைய வண்டினங்கள் ஏராளமாகக் கிடைத்து, தானியப் பூச்சிகள் மட்டும் கிடைக்காதபோது அவ்வில்லாமைக்குப் பொருள் உண்டு.

உரோமானிய ஆட்சி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீங்கியபின் பிரித்தானியாவில் நேர்ந்தது இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. யார்க்கின் காப்பர்கேட் பகுதியில், 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான ஆங்கிலோ-ஸ்காண்டிநேவியப் படிவுகளிலிருந்து மிகப் பெருந்தொகையான பூச்சி எச்சங்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் களஞ்சியப் பூச்சிகள் ஏறத்தாழ இல்லை எனலாம். அம்மக்கள் ரொட்டி உண்டவர்களே. தானியம் அவர்களிடம் இருந்தது. இல்லாதிருந்தவை பெருங்கிடங்கும் தொலைதூரத் தானியப் போக்குவரத்தும் ஆகும். 1066இல் நார்மானியர் வெற்றிபெற்றதற்குப் பின்னரே இப்பூச்சிகள் மீண்டும் பரவலாகத் தோன்றுகின்றன. ஒரே நகரின் மண்ணில் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றிய இவ்வரலாறு, பயிர்ச்செய்கையின் ஏற்ற இறக்கத்தைவிட அரசின் ஏற்ற இறக்கத்தோடு நெருங்கிப் பொருந்துகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, தானியப் பூச்சியின் எச்சம் நீண்டகாலக் குவிப்புக்குச் சான்றாகிறது. ஜோமோன் பதிவுகள் காட்டுவதுபோல், குவிக்கப்பட்டது பயிரிட்ட தானியமாக இருத்தல் கட்டாயமன்று. இரண்டாவதாக, பறக்கவியலாத தானியக் கூன்வண்டின் பரவல், எழுத்துச்சான்று இல்லாத காலத்துத் தானியப் போக்குவரத்தை அறிவதற்கு வழிதருகிறது. மூன்றாவதாக, பூச்சியின் பெருக்கம் தானியத்தின் அளவை மட்டும் சார்ந்ததன்று. அது திறந்த கிடங்கா, மூடிய குழியா என்பதையும் பெரிதும் சார்ந்தது. நான்காவதாக, ஏனைய பூச்சிகள் நன்கு எஞ்சியுள்ள படிவுகளில் களஞ்சியப் பூச்சியின் இல்லாமையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

பெருங்களஞ்சியங்களை அரசின் செழிப்புக்கு அடையாளமாகப் போற்றுவது வரலாற்றெழுத்தில் வழக்கம். அக்களஞ்சியத்தின் தரையில் படிந்த வண்டுக்கூடுகள், அச்செழிப்பின் ஒரு பகுதி உண்ணப்படாமலே அழிந்ததைப் பதிவு செய்துள்ளன. உழவரிடம் வாங்கப்பட்ட தானியத்துள் எவ்வளவு மனிதர் வயிற்றை அடைந்தது என்னும் வினாவை, இனி வரும் ஆய்வுகள் வரிக்கணக்குகளோடு பூச்சிக்கணக்கையும் வைத்து அணுகுதல் வேண்டும்.